ஸ்கிரிப்ட் ரேமைத் தின்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த்துப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். தமிழ் அவ்வளவாக வராது. 'அண்ணா' மட்டும் சுத்தமாக வரும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, மறுபடியும் செத்துப்போச்சு" என்றான்.

அவன் எடுத்திருந்த வேலை நல்ல வேலை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், கப்பல் என்று பட்டியல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்த கோப்பு தம்பியிடம் இருந்தது. அதில் அவனுடைய ஆயாவின் தாத்தாவைக் கண்டுபிடிக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள். ஒரே முனுசாமி ஒரு வரியில் மூன்சாமி, இன்னொரு வரியில் முன்சாமி, மூன்றாவதில் மூனியசாமி. ஆகவே ஒத்த பெயர்களை ஜோடி சேர்க்கப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். லினக்ஸ் ஓடும் அந்த லேப்டாப்பில் இருந்தது 4 ஜி.பி. ரேம்.

"ரேம் கூடப் போட்டால் சரியாகிவிடுமா அண்ணா?" என்று கேட்டான். ஆகாது. ஏன் ஆகாது என்று சொல்ல எனக்கு அந்த மத்தியானம் முழுக்கப் பிடித்தது. அன்று பார்த்ததையும், வேலையிடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வருகிற அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு முன் நாடி

ஸ்கிரிப்டை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் 'டாப்' கட்டளையைத் திறந்துவையுங்கள். 'விர்ட்' என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், கேட்டு வாங்கி வைத்திருக்கும் முகவரிகளின் கணக்கு. உண்மையில் ரேமில் உட்கார்ந்திருப்பது 'ரெஸ்' பத்தியில் இருக்கிறது. அந்த எண்ணைப் பத்து வினாடிக்கு ஒரு தடவை ஒரு தாளில் குறித்தால் போதும். அது நெட்டுக்குத்தாக ஏறுகிறதா, மணிக்கணக்கில் சன்னமாக ஏறுகிறதா, ஏறி ஒரு மேட்டில் நின்றுவிடுகிறதா என்பதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

இதைச் செய்யாமல் நிறைய பேர் கண்ட இடத்தில் எல்லாம் 'டெல்' எழுதி, ஒவ்வொரு லூப்பின் கடைசியிலும் 'ஜிசி.கலெக்ட்' போட்டுவைப்பார்கள். தம்பியும் போட்டிருந்தான், ஏழு இடத்தில். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவது மாதிரிதான் அது. பைத்தானில் ஒரு பொருளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் அந்த நொடியே அது போய்விடும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கும் பொருள்களைத் தேடிக் கலைப்பது மட்டுமே கலெக்டின் வேலை. நீங்களே ஒரு லிஸ்டில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பதை அது தொடாது.

அறிகுறி: பிழைச் செய்தி எதுவும் இல்லை, 'கில்டு' என்று ஒரே ஒரு சொல்

பைத்தான் தானாகச் சாகவில்லை, லினக்ஸ் கொன்றுவிட்டது. ரேமும் அதற்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய ஸ்வாப்பும் தீர்ந்துபோனால், லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துப் பலி கொடுக்கும், பெரும்பாலும் அதிகமாகத் தின்பதை. 9ஆம் எண் சிக்னல் வருவதால் எந்த ட்ரை பிளாக்காலும் பிடிக்க முடியாது, எந்த வரியில் செத்தது என்றும் தெரியாது. கன்டெய்னருக்குள் ஓடினால் வெளியேறும் எண் 137 என்று வரும். 128 உடன் 9 சேர்ந்தது அது. உறுதி செய்துகொள்ள 'டிமெஸ்க்' கட்டளையின் கடைசி வரிகளில் 'அவுட் ஆஃப் மெமரி' இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. ஓட்டுவதற்கு முன்னால் அதே ஷெல்லில் 'யூலிமிட் -வி' கட்டளையால் நினைவக எல்லையை நீங்களே குறையுங்கள், 2 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணைக் கிலோபைட்டில் கொடுக்க வேண்டும். இப்போது கெர்னல் வந்து கொல்வதற்கு முன்பே பைத்தானுக்கு இடம் மறுக்கப்பட்டு, 'மெமரி எர்ரர்' என்று வரி எண்ணோடு அது விழும். அந்த வரியேதான் குற்றவாளி என்று எப்போதும் சொல்ல முடியாது. நிரம்பிய குடத்தில் கடைசிச் சொட்டு எங்கே விழுந்தது என்பதை மட்டுமே அது காட்டும். ஆனாலும் இருட்டில் துழாவுவதற்கு இது எவ்வளவோ மேல்.

அறிகுறி: ஆரம்பித்த சில நொடியிலேயே நெட்டுக்குத்தாக ஏறிச் சாகிறது

தம்பிக்கு வந்தது இதுதான். எல்லாப் பெயரையும் எல்லாப் பெயரோடும் ஒப்பிட 'காம்பினேஷன்ஸ்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அதைச் சுற்றி 'லிஸ்ட்' என்று ஓர் உறையும் போட்டிருந்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,52,184 பேரில் இரண்டிரண்டாக எடுத்தால் 1,157 கோடியே 99 லட்சம் ஜோடி. 64 பிட் பைத்தானில் இரண்டு பொருள் வைத்த ஒரு டியூப்பிளுக்கு (மாற்ற முடியாத சின்ன லிஸ்ட் மாதிரி) சுமார் 56 பைட், லிஸ்டில் அதைச் சுட்டுவதற்கு 8 பைட், ஆக 64. பெருக்கினால் 741 ஜி.பி. அவனுடைய 4 ஜி.பி. முழுவதும் இதற்கே கிடைத்தாலும், முதல் 410 ஆட்களை மற்றவர்களோடு ஜோடி சேர்ப்பதற்குள் தீர்ந்துவிடும். ரேம் கூடப் போட்டால் ஆகாது என்று நான் சொன்னது இதனால்தான். 8 ஜி.பி. போட்டால் 820ஆவது ஆள் வரைக்கும் போவான், அவ்வளவுதான்.

முதல் திருத்தம் அந்த 'லிஸ்ட்' உறையை எடுப்பது. காம்பினேஷன்ஸ் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி வைக்கச் சொன்னது நாம்தான். எடுத்ததும் நினைவகம் சட்டென்று இறங்கியது. தம்பிக்கு முகம் மலர்ந்தது. ஆனால் நேரம்? வினாடிக்கு ஒரு லட்சம் ஒப்பீடு என்று வைத்தாலும் 32 மணி நேரம் ஓட வேண்டும். ஒவ்வொன்றாக எடுப்பதால் இடம் மிச்சமாகும், வேலை குறையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

நிஜத் திருத்தம் ஜோடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. பெயரில் உள்ள உயிரெழுத்துகளை உதறி, இரட்டித்த எழுத்துகளை ஒன்றாக்கி, மிஞ்சியதை ஒரு சாவியாக வைத்தோம். மூன்சாமி, முன்சாமி, மூனியசாமி மூன்றும் ஒரே சாவியில் வந்து விழுந்தன. ஒரே சாவிக்குள் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். எல்லாக் கூட்டமும் 50 பேர் கொண்டதாக இருந்தால் ஜோடிகள் 37 லட்சம்தான். நடைமுறையில் கூட்டங்கள் சமமாக இருக்காது. முனுசாமி மாதிரிப் பரவலான பெயர்கள் பெருங்கூட்டமாக வரும். அங்கே ஜில்லாவையும் சாவியோடு சேர்த்துப் பிரித்தோம். முதல் எழுத்தே மாறிப்போன பெயர்கள் இந்த வழியில் தப்பிவிடும் என்பது உண்மை. அதற்கு இரண்டாவது சாவி ஒன்றை வைத்து இன்னொரு சுற்று ஓட்டலாம்.

இதே நெட்டுக்குத்து ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. கோப்பை 'ரீட்லைன்ஸ்' வைத்து முழுசாக அள்ளுவது. கோப்பின் மேலேயே நேராக லூப் போட்டால் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் வரும். டேட்டாபேஸில் 'ஃபெட்ச்ஆல்' போடுவது. அதற்குப் பதில் 'ஃபெட்ச்மெனி'. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் பைத்தானில் பரவலாகப் புழங்கும் இணைப்பு நூலகங்கள் சாதாரண கர்சரில் (விடையை வாங்கித் தரும் பொருள்) முழு விடையையும் முதலிலேயே உங்கள் பக்கம் இறக்கிவிடும். நீங்கள் நூறு நூறாகக் கேட்பது ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட மூட்டையிலிருந்து. சைகாபிஜி2 நூலகத்தில் கர்சருக்குப் பெயர் வைத்தால்தான் மூட்டை சர்வரிலேயே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 'எஸ்எஸ்கர்சர்'. அப்புறம் எக்செல் கோப்பு: ஓபன்பைஎக்ஸ்எல் நூலகம் கோப்பின் அளவைப் போலச் சுமார் 50 மடங்கு நினைவகம் எடுக்கும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. படிக்க மட்டும்தான் என்றால் 'ரீட் ஒன்லி' என்று சொல்லித் திறவுங்கள்.

இடையில் ஒரு சங்கதி. 2022, 2023 வாக்கில் இங்கே மின்வெட்டு கடுமையாக இருந்தது. அட்டவணை போட்டு இரண்டு மணி நேரம், சில நாள் நாலு மணி நேரம் நிறுத்துவார்கள். அப்போது என் ஸ்கிரிப்டுகள் பாதியில் போய்ப் போய், ஆயிரம் வரிக்கு ஒரு தடவை முடிவுகளை எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் எழுதி, எந்த வரி வரை முடிந்தது என்பதையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு வந்தது. மின்சாரத்துக்காகச் செய்தது நினைவகத்துக்கும் மருந்தாகிவிட்டது. முடிவுகளின் லிஸ்ட் எப்போதும் ஆயிரத்தைத் தாண்டாது. தம்பியின் ஸ்கிரிப்டிலும் அதையே வைத்தோம்.

அறிகுறி: கோப்பு 12 எம்.பி., ஸ்கிரிப்ட் எடுப்பதோ 150 எம்.பி.

இது கசிவு இல்லை, பைத்தானின் இயல்பு. வரிக்கு 80 எழுத்து என்று வைத்தால் 1,52,184 வரிக்கு 12 எம்.பி. கோப்பு. அதையே 'டிக்ட்ரீடர்' வைத்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் ஒரு டிக்‌ஷனரி. பத்துப் பத்தி இருந்தால் டிக்‌ஷனரிக்கு மட்டும் ஏறக்குறைய 350 பைட். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சின்னச் சரத்துக்கும் (ஸ்ட்ரிங்) எழுத்துகள் போகத் தலைச்சுமை 40, 50 பைட் இருப்பதால், சரம் ஒன்றுக்கு 60 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக வரிக்கு 950 பைட், மொத்தம் 145 எம்.பி. எட்டெழுத்துப் பெயருக்குச் சுமை ஐம்பது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

டிக்‌ஷனரிக்குப் பதில் சாதாரண டியூப்பிள் வைத்தால் 350 என்பது 120 ஆகும். பத்திகளைப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும் என்றால் 'நேம்டுடியூப்பிள்', இல்லையென்றால் 'ஸ்லாட்ஸ்' வைத்த வகுப்பு.

அடுத்தது திரும்பத் திரும்ப வரும் சொற்கள். கப்பல் பெயர், ஜில்லா, சாதி இவையெல்லாம் சில நூறு சொற்களே. ஆனால் கோப்பிலிருந்து படிக்கும்போது பைத்தான் ஒவ்வொரு வரிக்கும் 'மெட்ராஸ்' என்ற சரத்தைப் புதிதாகச் செய்துவைக்கும். 'சிஸ்' மாட்யூலில் உள்ள 'இன்டர்ன்' ஃபங்ஷனில் கொடுத்து வாங்கினால் எல்லா வரியும் ஒரே சரத்தைச் சுட்டும். டர்பன் தொலைபேசிப் பட்டியலை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை: கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று பக்கம் பக்கமாக ஒரே குடும்பப் பெயர்தான். நம் கோப்பின் பத்துப் பத்தியில் ஐந்து இப்படி என்றால் வரிக்கு 300 பைட் மிச்சம். இரண்டும் சேர்ந்து 145 எம்.பி. என்பது 64க்கு வந்தது. பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகத்தில் இதே வேலையைச் செய்வது 'கேட்டகரி' என்ற வகை. வேண்டிய பத்திகளை மட்டும் படிக்க 'யூஸ்கால்ஸ்', துண்டு துண்டாகப் படிக்க 'சங்க்சைஸ்'.

வெறும் எண்கள் என்றால் லிஸ்டே வேண்டாம். பத்து லட்சம் தசம எண்களுக்கு லிஸ்ட் 32 எம்.பி. எடுக்கும், 'அர்ரே' மாட்யூலில் வைத்தால் 8.

அறிகுறி: காலையில் 90 எம்.பி., சாயங்காலம் 400, மறுநாள் சாவு

ஒரு தடவை ஓடி முடியும் ஸ்கிரிப்டில் இது தெரியாது. நாள் முழுக்க ஓடும் பாட், வரிசையிலிருந்து வேலை எடுக்கும் வொர்க்கர், சின்ன இணைய சர்வர் இவற்றில் வரும். பைத்தானில் கசிவு என்பது பெரும்பாலும் யாரோ எங்கேயோ பிடித்துக்கொண்டிருப்பதுதான். ஆகவே கேள்வி: யார்?

ஊகிக்காமல் 'டிரேஸ்மாலாக்' மாட்யூலைக் கேளுங்கள். பைத்தான் 3.4இல் வந்தது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட் ஆரம்பத்தில் அதைத் தொடங்கிவையுங்கள். முதல் நூறு வேலை முடிந்த பிறகு ஒரு படம் எடுங்கள். அதற்கு 'டேக் ஸ்னாப்ஷாட்'. இன்னும் ஆயிரம் வேலை முடிந்ததும் இரண்டாவது படம். இரண்டையும் 'கம்பேர் டு' மூலம் வரி எண் வாரியாக ஒப்பிட்டு, முதல் பத்து வரியை அச்சிடுங்கள். முதல் படத்தை ஆரம்பத்திலேயே எடுத்துவிடாதீர்கள். மாட்யூல்கள் ஏறுவது, மறுபடி தேவைப்படும் என்று விடைகளைச் சேர்த்துவைக்கும் கேஷ்கள் நிரம்புவது எல்லாம் அந்த ஒப்பீட்டில் புகுந்து ஆளை ஏமாற்றும். இதை ஓட்டினால் ஸ்கிரிப்ட் மெதுவாகும், கூடுதல் நினைவகமும் எடுக்கும். நோய் பார்க்கும்போது மட்டும் போடுங்கள். ரெஸ் ஏறிக்கொண்டே இருக்க, டிரேஸ்மாலாக் ஒன்றுமில்லை என்று சாதித்தால், கசிவு பைத்தானுக்குக் கீழே, சி மொழியில் எழுதிய ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கலாம்.

வழக்கமாக அகப்படும் திருடர்கள் இவர்கள். 'எல்ஆர்யூ கேஷ்' போட்டு 'மேக்ஸ்சைஸ்' இடத்தில் 'நன்' கொடுத்தது. ஒன்றும் கொடுக்காவிட்டால் 128தான் எல்லை. நன் கொடுத்தால் எல்லையே கிடையாது. 3.9இல் வந்த 'கேஷ்' என்ற சுருக்கமும் எல்லையில்லாததுதான். அதையே ஒரு வகுப்பின் மெத்தடுக்கு மேல் போட்டால், கேஷ் அந்த 'செல்ஃப்' பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்து, ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட் கொடுத்தது. ஒவ்வொரு அழைப்பிலும் புதிது வரும் என்று நினைப்போம். ஒரே லிஸ்ட்தான், நாள் முழுக்க வளரும். மூன்றாவது, பிழைகளை ஒரு லிஸ்டில் சேர்த்து வைப்பது. பிழைப் பொருள் தன் டிரேஸ்பேக்கை, அதாவது பிழை எந்த வழியாக வந்தது என்ற பதிவைப் பிடித்திருக்கும், டிரேஸ்பேக் அந்த ஃபங்ஷனையும் அதன் மாறிகள் எல்லாவற்றையும் பிடித்திருக்கும். ஒரு வரிப் பிழைக்குப் பின்னால் 50 எம்.பி. தொங்கும். எனக்கு இது நடந்து, இரண்டு நாள் வேறு எங்கெல்லாமோ தேடினேன். பிழையைச் சரமாக மாற்றி அந்தச் சரத்தை மட்டும் வையுங்கள்.

தம்பியின் ஸ்கிரிப்டில் இருந்தது இன்னொரு வகை. குடும்ப மரம் கட்டும்போது தகப்பன் பொருளில் பிள்ளைகளின் லிஸ்ட், பிள்ளைப் பொருளில் தகப்பன். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்ட வட்டம். பைத்தானில் இதைக் கலெக்டர் கலைத்துவிடும், கொஞ்சம் தாமதமாக. "வேகமாக ஓடும்" என்று எங்கோ படித்து 'ஜிசி.டிஸேபிள்' போட்டிருந்தான், அதனால் கலெக்ட் போடாத அந்த மரம் கட்டும் பகுதியில் வட்டங்கள் அப்படியே நின்றுவிட்டன. மேலே ஏழு இடத்தில் கலெக்ட், கீழே ஒரு டிஸேபிள்! இரண்டையும் அழித்து, பிள்ளையிலிருந்து தகப்பனுக்குப் போகும் பிடியை 'வீக்ரெஃப்' (பொருளைத் தக்கவைக்காத தளர்ந்த பிடி) ஆக்கினோம். தகப்பன்களை எல்லாம் தனியாக ஒரு டிக்‌ஷனரி பிடித்திருந்ததால் அவர்கள் காணாமல் போகும் பயம் இல்லை.

பெர்லில் வேலை செய்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே வட்டத்தைக் கலைக்க ஆளே கிடையாது. 'ஸ்கேலர் யூட்டில்' மாட்யூலின் 'வீக்கன்' ஒன்றுதான் கதி. பிஹெச்பிக்கு 2009இல் வந்த 5.3இலிருந்து வட்டம் கலைப்பான் இருக்கிறது.

அறிகுறி: வேலை முடிந்தது, எல்லாம் அழித்தாயிற்று, ஆனால் ரெஸ் இறங்கவில்லை

முதலில் ஒரு சோதனை. அதே வேலையை அதே பிராசஸில் இரண்டாவது தடவை ஓட்டுங்கள். மேடு இன்னும் உயர்ந்தால் கசிவு. அதே மட்டத்தில் நின்றால் கசிவு இல்லை. விடுபட்ட இடத்தைப் பைத்தான் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்துகிறது.

512 பைட் வரையிலான சின்னப் பொருள்களைப் பைத்தான் தனக்கென்று வாங்கிய பெரிய பாத்திகளில் வைக்கிறது. பாத்தி ஒன்று முன்பு 256 கே.பி., 3.10இலிருந்து 1 எம்.பி. பாத்தி முழுக்கக் காலியானால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். கல்யாண மண்டபத்தில் கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் பந்தியில் ஒரே ஒரு பெரியவர் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாவியை ஒப்படைக்க முடியுமா? அதே கதைதான்.

அந்த ரேம் கட்டாயம் திரும்ப வேண்டும் என்றால், கனமான வேலையைத் தனிப் பிராசஸில் செய்யுங்கள். பிராசஸ் முடிந்தால் எல்லாமே கெர்னலுக்குப் போய்விடும். 'மல்டிபிராசஸிங்' மாட்யூலின் 'பூல்' வைத்தால் 'மேக்ஸ்டாஸ்க்ஸ்பர்சைல்டு' என்று ஒரு எண் கொடுக்கலாம். அத்தனை வேலைக்குப் பிறகு அந்தப் பிராசஸ் ஓய்வு பெற்றுப் புதியது வரும். அசிங்கமான வைத்தியம் என்று சிலர் சொல்வார்கள். நான் வெட்கமில்லாமல் செய்கிறேன்.

அறிகுறி: ஸ்கேன் செய்த பக்கங்களைத் தொட்டால் மட்டும் ஜி.பி. கணக்கில் போகிறது

ஜேபெக் கோப்பு 1 எம்.பி. என்பதால் 200 பக்கம் 200 எம்.பி. என்று நினைக்கக் கூடாது. ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 புள்ளி, மொத்தம் 87 லட்சம். பில்லோ நூலகம் வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் எடுக்கும். ஒரு பக்கம் 35 எம்.பி., 200 பக்கம் 7 ஜி.பி. படத்தைத் திறப்பது மட்டும் கனமில்லை, தலைப்பைத்தான் படிக்கும். புள்ளிகளைத் தொடும் கணத்தில்தான் விரியும். ஆகவே 'வித்' போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து, வேலையை முடித்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சின்னப் படம்தான் வேண்டும் என்றால் 'ரீசைஸ்' வேண்டாம், 'தம்னெயில்' போதும். ஜேபெக் என்றால் அது விரிக்கும்போதே சிறிதாக விரித்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் பட்டியலுக்கு வண்ணம் எதற்கு? கிரே நிறத்துக்கு மாற்றினால் நாலில் ஒரு பங்கு.

அறிகுறி: பிஹெச்பியில் 134217728 என்ற எண்ணோடு பிழை

அந்த எண் 128 எம்.பி., பிஹெச்பியின் இயல்பான எல்லை. பழுது பெரும்பாலும் படத்தில் இருக்கும். கோயில் தளத்தில் காவடி அன்று எடுத்த படத்தை ஏற்றுவார்கள். 4000க்கு 3000 புள்ளி, 'ஜிடி' நீட்டிப்பில் 48 எம்.பி. அதைத் திருப்பி ஒரு நகல், சுருக்கி ஒரு நகல் என்று போனால் தாண்டிவிடும். பயன்படுத்தி முடித்த நகலை உடனே விடுங்கள். 50 மெகாபிக்ஸல் போன் என்றால் ஒரு நகலே 200 எம்.பி.; ஏற்றும் முன்பே உலாவியில் சுருக்கச் சொல்லுங்கள். படம் இல்லை என்றால் மைஎஸ்க்யூஎல் விடை மொத்தமாக இறங்கியிருக்கும். 'பஃபர்டு' வினவலை அணைக்கலாம். அணைத்த பிறகு அந்த விடையை வாசித்து முடிக்கும் வரை அதே இணைப்பில் வேறு வினவல் ஓடாது.

அறிகுறி: தனியாக ஓட்டினால் சரி, நாலு வொர்க்கர் போட்டால் சர்வர் படுத்துவிடுகிறது

பெருக்கல் கணக்குதான். ஒரு வொர்க்கர் 150 என்றால் நாலு 600, 1 ஜி.பி. சர்வரில் டேட்டாபேஸுக்கு என்ன மிஞ்சும்? முதலில் தரவை ஏற்றிவிட்டுப் பிறகு 'ஃபோர்க்' செய்தால் (பிராசஸை நகலெடுத்தால்) நினைவகப் பக்கங்கள் பகிரப்படும். ஆனால் பைத்தான் ஒரு பொருளைப் படித்தாலே அதன் பிடி எண்ணிக்கை மாறுவதால் பகிர்வு மெல்ல உடைந்துகொண்டே வரும். 3.7இலிருந்து 'ஜிசி.ஃப்ரீஸ்' ஓரளவு உதவுகிறது. பொதுத் தரவை எஸ்க்யூலைட்டில் வைத்துக் கேட்டு வாங்குவது அதைவிட நிம்மதி.

அறிகுறி: தமிழ்ப் பெயர்ப் பத்தி சேர்த்ததும் எகிறுகிறது

தம்பி கடைசியில் இதையும் கொண்டுவந்தான். ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் சரியான தமிழ்ப் பெயரையும், குறிப்புப் பத்தியில் அங்கங்கே ஒரு ஸ்மைலியையும் போட்டிருந்தான்.

3.3 முதல் பைத்தான் ஒவ்வொரு சரத்திலும் உள்ள பெரிய குறியெண்ணை (எழுத்துக்கு யூனிகோட் தந்திருக்கும் எண்) பார்த்து முழுச் சரத்துக்கும் ஒரே அகலம் தருகிறது. ஆங்கிலம் என்றால் எழுத்துக்கு 1 பைட், தமிழ் என்றால் 2, ஸ்மைலி என்றால் 4. யூடிஎஃப்-8 கோப்பில் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 3 பைட் என்பதால், தனித் தமிழ்க் கோப்பு உள்ளே வந்ததும் இளைக்கத்தான் செய்யும். வம்பு கலப்பில்தான். 12 எம்.பி. ஆங்கிலக் கோப்பை 'ரீட்' போட்டு ஒரே சரமாக அள்ளினால் 12. அதில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருந்தால் முழுவதும் 24. ஒரு ஸ்மைலி இருந்தால் 48. 2019இல் யூனிகோடில் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளும் அந்த நாலு பைட் வரிசைதான். பழைய கணக்கேட்டைத் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்கவும். வரி வரியாகப் படித்தால் சேதம் அந்தந்த வரியோடு நிற்கும்.

இன்னொன்றும் அகப்பட்டது. அவனுடைய டிக்‌ஷனரியில் பொன்னுசாமி இரண்டு சாவியாக இருந்தார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக இருந்தது. மற்றதில் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியெண். வேறு வேறு கீபோர்டில் தட்டியதன் பலன். கொம்பும் காலும் உள்ள எல்லாப் பெயர்களும் இப்படி இரட்டையாகி, கேஷும் இரட்டையாகி, ஒத்த பெயர்கள் ஒட்டாமலும் போயிருந்தன. 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' ஃபங்ஷனில் 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் முறை) கொடுத்து, படிக்கும் வரியிலேயே சரிசெய்து, அதன் பிறகு இன்டர்ன் செய்தோம். வரிசை மாறினால் இரண்டு பொன்னுசாமியும் தனித்தனியாகவே இன்டர்ன் ஆகிவிடுவார்கள்.